உடம்பெங்கும் வலியா? பைப்ரோமயால்ஜியா நோயின் அதிகம் அறியப்படாத அறிகுறிகள்



நெற்பயிர் மஞ்சளானதும் யூரியா மூட்டையைப் பிரிப்பவர்கள் இன்று குறைவு. அடி இலை மஞ்சளா, குருத்து இலை மஞ்சளா, வயலில் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று பார்த்த பிறகே உரத்தைப் பற்றி யோசிக்கிறீர்கள். அடி இலை முதலில் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. குருத்து இலை வெளுத்தால் இரும்புச் சத்துக் குறைவு. நட்ட சில வாரங்களில் இலையில் துருப்பிடித்தாற்போல் புள்ளிகள் தோன்றிப் பயிர் குட்டையாக நின்றால் துத்தநாகக் குறைவு. ஒரே மஞ்சளுக்குப் பல காரணங்கள் உண்டு என்று அறிந்த நாம், உடம்பு வலி என்றால் மட்டும் "வேலை செய்த அலுப்பு" என்று ஒரே காரணத்தைச் சொல்லி, கடையில் ஒரே மாத்திரையை வாங்கி விழுங்கிவிடுகிறோம்.

பல மாதங்கள் ஓயாமல் உடம்பெங்கும் வலியை உண்டாக்கும் பைப்ரோமயால்ஜியா என்னும் நோயைப் பற்றி இங்கு எழுதுகிறோம். நார், தசை, வலி என்னும் மூன்று பொருள்களைக் கோத்து வைத்த பெயர் அது. உலக அளவில் 100 பேரில் 2 அல்லது 3 பேருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. பெண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது, ஆண்களுக்கும் வரும். வலியை எல்லோரும் அறிவார்கள். வலியோடு சேர்ந்து வரும் மற்ற உபாதைகளைத்தான் பலரும் இந்நோயோடு சேர்த்து எண்ணுவதில்லை.

ஓர் எடுத்துக்காட்டு

புதுச்சேரியின் நெற்களஞ்சியம் எனப்படும் பாகூர் கொம்யூனில் ஒரு தாயை நினைத்துக் கொள்ளுங்கள். வயது நாற்பது. நடவு, களையெடுப்பு, இரண்டு கறவை மாடு, வீட்டு வேலை. ஒரு வருடமாகக் கழுத்தும் தோளும் இடுப்பும் வலி. கழுத்துக்குப் படம் எடுத்தார்கள். பெரிய குறை இல்லை. வயிறு உப்புசம், சில நாள் மலச்சிக்கல், சில நாள் வயிற்றுப்போக்கு. அதற்கு வேறொரு மருத்துவர். தலைவலிக்குக் கண்ணாடி மாற்றினார்கள். கை மரத்துப் போவதற்குச் சத்து ஊசி. இரவு நான்கைந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்திருப்பதைச் சர்க்கரை என்று பயந்து இரத்தம் பார்த்தார்கள், சர்க்கரை இல்லை. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறந்து போகிறார். "முன்பு போல் இல்லை, வேலைக்குச் சோம்புகிறாள்" என்ற பேச்சும் வீட்டில் தொடங்கிவிட்டது.

ஐந்து இடத்தில் ஐந்து சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் ஒரு உபாதை. அந்த ஐந்தையும் ஒரே மேசையில் வைத்துப் பார்த்தவர் ஒருவருமில்லை. இவை தனித்தனி நோய்களாக இல்லாமல் ஒரே நோயின் கிளைகளாக இருக்கலாம்.

வலி எங்கே பிறக்கிறது?

கோயில் திருவிழாவில் ஒலிபெருக்கியின் விசையைக் கூட்டி வைத்தால் பாடகர் மெதுவாகப் பாடினாலும் ஊரே அதிரும். பைப்ரோமயால்ஜியாவில் மூளையும் தண்டுவடமும் வலிச் செய்திகளை இப்படித்தான் பெரிதாக்கிக் காட்டுகின்றன. தசையிலோ மூட்டிலோ சிதைவு இல்லை. ஆகவே எக்ஸ்ரே படத்திலும் இரத்தச் சோதனையிலும் அகப்படுவதில்லை. படத்தில் தெரியாததால் வலி பொய் என்று ஆகிவிடாது. நோயாளி உணரும் வலி முழுக்க முழுக்க உண்மையானது. இதனை வீட்டிலுள்ள ஆண்கள், குறிப்பாக மாமியார்மார்கள், ஒரு முறைக்கு இரு முறை படிக்கும்படி கேட்டுக் கொள்கிறோம்.

இவ்விசை ஏன் கூடுகிறது என்பது ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக அமைகிறது. பரம்பரைக் கூறு ஓரளவு உண்டு. பெரிய விபத்து, அறுவை சிகிச்சை, நீண்ட மனவேதனை, கடுமையான காய்ச்சல் ஆகியவற்றிற்குப் பின் தொடங்குவதும் உண்டு. 1964-ஆம் ஆண்டு சென்னை, வேலூர், புதுச்சேரி ஆகிய ஊர்களில் சிக்குன்குனியா பரவியது. நெடுங்காலம் கழித்து 2006-இல் தமிழகத்தை மீண்டும் தாக்கியது. காய்ச்சல் விட்ட பின்னும் மாதக்கணக்கில் மூட்டுவலியால் அவதிப்பட்டவர்களை நீங்களே கண்டிருப்பீர்கள். அவர்களில் சிலருக்கு மூட்டு வீக்கம் வடிந்த பிறகும் உடம்பு முழுவதும் வலி தங்கிவிடுகிறது. அது பைப்ரோமயால்ஜியாவாக மாறியிருக்கக் கூடும்.

தூக்கமும் விடியற்காலையும்

அதிகம் அறியப்படாத அறிகுறிகளுள் முதலில் சொல்ல வேண்டியது, தூங்கி எழுந்தும் களைப்புத் தீராமை. எட்டு மணி நேரம் படுத்திருந்தாலும் காலையில் அடித்துப் போட்டாற்போல் இருக்கும். கை விரல்களை மடக்க முடியாத பிடிப்பு இருக்கும். விரல் வீங்கியது போலத் தோன்றும். பார்த்தால் வீக்கம் இராது. மோதிரம் எப்போதும் போல் கழன்று வரும்.

1975-இல் கனடா நாட்டில் மோல்டோப்ஸ்கி என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். நல்ல உடல்நலமுள்ளவர்களை உறங்க வைத்து, ஆழ்ந்த உறக்கம் வரும்போதெல்லாம் ஒலி எழுப்பி அதைக் கலைத்தார்கள். சில இரவுகளிலேயே அவர்களுக்கு உடம்பு வலியும், தொட்டால் நோகும் தன்மையும் தோன்றின. நன்றாகத் தூங்க விட்டதும் அவை குறைந்தன. வலி வந்தால் தூக்கம் கெடும் என்பது நமக்குத் தெரியும். தூக்கம் கெட்டாலும் வலி வரும் என்பதை இச்சோதனை காட்டியது. இரவில் மும்முனை மின்சாரம் வரும் நேரம் பார்த்து மோட்டார் போட எழுந்து, விடியுமுன் பால் கறக்கவும் எழும் குடும்பங்கள் இதை நன்கு கவனிக்க வேண்டும்.

படுத்தவுடன் காலில் ஏதோ ஊர்வது போலவும், ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் சுகம் என்பது போலவும் சிலருக்குத் தோன்றும். இதுவும் இந்நோயோடு வரலாம். இரத்தத்தில் இரும்புச் சத்துக் குறைந்தாலும் இப்படி நேரும். ஆகவே அதையும் சோதித்துக் கொள்ள வேண்டும்.

மறதியும் தடுமாற்றமும்

சொல்ல வந்த சொல் நாக்கு நுனியில் நின்றுவிடும். கூலிக் கணக்கைக் கூட்டும்போது நடுவில் விட்டுப் போகும். மருந்து தெளிக்க எத்தனை டேங்க் கலக்கினோம் என்பது மறந்துவிடும். மூளையில் பனி மூட்டம் இறங்கியது போல இருக்கிறது என்று நோயாளிகள் வர்ணிப்பார்கள். படித்தவர்கள் இதைக் கண்டு புத்தி கெட்டுப் போகிறதோ என்று அஞ்சுவதுண்டு. வயோதிகத்தில் வரும் நினைவிழப்பு நோய் இதுவன்று. தூக்கமும் வலியும் சீரானால் இதுவும் பெரும்பாலும் சீராகும். அதுவரை பூச்சிமருந்து அளவு, உரக் கணக்கு முதலியவற்றைச் சுவரில் எழுதி வைத்துக் கொள்வது பாதுகாப்பானது.

வயிறு, சிறுநீர்ப்பை, தாடை

நமது ஊர்களில் எல்லாப் பழியும் வாயுவின் மேல்தான். பைப்ரோமயால்ஜியா உள்ளவர்களில் பலருக்குக் குடல் எரிச்சல் நோயும் கூடவே இருக்கும். வயிற்றைப் பிசைவது, உப்புசம், மலம் கழித்ததும் வலி குறைவது, மலச்சிக்கலும் போக்கும் மாறி மாறி வருவது ஆகியவை அதன் அடையாளங்கள். அடிக்கடி சிறுநீர் முட்டுவதும், சிறுநீர்ப்பையில் வலியும் சோதனையில் கிருமி எதுவும் இல்லாமலே ஏற்படும். பெண்களுக்கு மாதவிலக்கு நாட்களில் வலி மிகுதியாகும். இதனை மருத்துவரிடம் சொல்லக் கூச்சப்பட்டு மறைப்பவர்களே அதிகம்.

தாடை மூட்டு வலி இன்னொன்று. காதருகே குத்தும்; கரும்பு கடிக்கவோ முறுக்குத் தின்னவோ முடியாது. பல்லில் சொத்தை இராது. பல்லைப் பிடுங்கியும் வலி தீராமல் திரும்பியவர்களும் உண்டு.

ஒளி, ஓசை, மணம், குளிர்

விசை கூடிய ஒலிபெருக்கியில் பாட்டு மட்டுமா பெரிதாகக் கேட்கும்? இருமலும் கேட்கும். அது போல வலி மட்டுமின்றி மற்ற உணர்வுகளும் இந்நோயில் பெரிதாகின்றன. உச்சி வெயிலின் கூச்சம், டிராக்டர் சத்தம், தாளிக்கும் நெடி, மார்கழிப் பனி இவை மற்றவர்களைவிட இவர்களைக் கூடுதலாக வாட்டும். இறுகக் கட்டிய இடுப்புத் துணியோ வளையலோ உறுத்தும். அன்போடு முதுகில் தட்டினால்கூடத் துள்ளுவார்கள். கை கால்களில் மதமதப்பு, எறும்பு ஊர்தல், எரிச்சல் ஆகியவை இடம் மாறி மாறி வரும். ஒற்றைத் தலைவலி, கிறுகிறுப்பு, வாயும் கண்ணும் உலர்தல் ஆகியவையும் உண்டு.

விலா எலும்பு மார்பெலும்போடு சேரும் இடத்தில் வலி வந்து, மாரடைப்போ என்று பதற வைப்பதும் இந்நோயில் காணப்படும். ஆனால் நெஞ்சுவலி வந்தால் "இதுவாகத்தான் இருக்கும்" என்று வீட்டிலேயே முடிவு கட்டக் கூடாது. வியர்வை, மூச்சுத் திணறல், இடக்கைக்கோ தாடைக்கோ பரவும் வலி இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

மனச் சோர்வும் பதற்றமும் பலருக்கு இருக்கும். நோயினால் சோர்வா, சோர்வினால் நோயா என்று வழக்காடுவதில் பயனில்லை. இரண்டுக்கும் சேர்த்தே சிகிச்சை உண்டு.

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்?

1990-இல் அமெரிக்க மூட்டு நோய் மருத்துவர் சங்கம் ஒரு முறையை வகுத்தது. உடம்பில் 18 புள்ளிகளைக் கட்டை விரலால் சுமார் 4 கிலோ அழுத்தத்தில், அதாவது நகம் வெளுக்கும் அளவு அழுத்திப் பார்ப்பார்கள். 11 இடங்களில் நொந்தால், உடம்பெங்கும் பரவிய வலியும் 3 மாதமாக இருந்தால், இந்நோய் என்று கொண்டார்கள். இந்த முறையில் தூக்கம், களைப்பு, மறதி ஆகியவற்றிற்கு இடமே இல்லை. 2010-இல் வெளியிட்டு 2016-இல் திருத்திய முறையில் உடம்பை 19 பகுதிகளாகப் பிரித்து எங்கெங்கே வலி என்று கேட்கிறார்கள். அதோடு களைப்பு, புத்துணர்ச்சி தராத தூக்கம், மறதி, தலைவலி, அடிவயிற்று வலி, மனச்சோர்வு ஆகியவற்றிற்கும் மதிப்பெண் தருகிறார்கள். ஆகவே இங்கு நாம் விவரித்த சில்லறை உபாதைகளை நீங்கள் சொன்னால்தான் மருத்துவருக்குக் கணக்கே தொடங்கும்.

இது வேறு நோயாகவும் இருக்கலாம்

இப்பகுதியை அவசியம் படியுங்கள். கீழ்க்கண்டவை இருந்தால் பைப்ரோமயால்ஜியா என்று எண்ணி வாளாவிருக்கக் கூடாது. மூட்டு கண்ணுக்குத் தெரிய வீங்கிச் சூடாக இருந்தால் முடக்குவாதமாக இருக்கலாம்; காலத்தில் சிகிச்சை செய்யாவிட்டால் மூட்டு கோணிவிடும். காய்ச்சல், காரணமின்றி எடை குறைதல், ஒரு கையோ காலோ பலமிழத்தல், சிறுநீர் மலம் அடக்க முடியாமை ஆகியவை ஆபத்தின் அறிகுறிகள். தோலில் உணர்ச்சியற்ற தேமல் இருந்தால் தொழுநோய்ச் சோதனை செய்ய வேண்டும். உள்ளங்கால் எரிச்சல் சர்க்கரை நோயிலும் வரும். தைராய்டு சுரப்புக் குறைவு, இரத்தசோகை, வைட்டமின் டி குறைவு ஆகியவையும் இதே போல் அசதியும் வலியும் தரும். இவற்றை எளிய இரத்தச் சோதனையில் கண்டுபிடித்துவிடலாம்.

சேற்று வயலில் இறங்குவோருக்குத் திடீர்க் காய்ச்சலுடன் கெண்டைக்கால் தசை கடுமையாக வலித்து, கண் சிவந்தால் எலிக் காய்ச்சலாக இருக்கக் கூடும். அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். பூச்சிமருந்து தெளித்த பிறகு எச்சில் ஒழுகல், அதிக வியர்வை, தசைத் துடிப்பு, கண் மங்கல் ஏற்பட்டால் அது நஞ்சு ஏறியதன் குறி. மருந்து டப்பாவின் லேபிளையும் எடுத்துக்கொண்டு மருத்துவமனைக்கு விரைய வேண்டும். இவை இரண்டும் சில மணி, சில நாள் கணக்கில் முற்றுபவை. பைப்ரோமயால்ஜியா மாதக் கணக்கில் நீடிப்பது. மேலும், முடக்குவாதம் உள்ளவருக்கும் பைப்ரோமயால்ஜியா சேர்ந்து வரலாம். ஒன்று இருப்பதால் மற்றது இல்லை என்று ஆகாது.

கடை மாத்திரை வேண்டாம்

இந்நோயில் அழற்சி இல்லாததால் டைக்ளோபினாக் போன்ற வலி மாத்திரைகள் பெரிதாக உதவுவதில்லை. உதவாததால் இன்னொன்று, இன்னொன்று என்று விழுங்குகிறார்கள். வயிற்றில் புண்ணும் சிறுநீரகக் கேடும்தான் மிச்சம். இதே டைக்ளோபினாக்கை மாடுகளுக்குக் கொடுத்து, அம்மாடுகள் இறந்தபின் அவற்றைத் தின்ற பிணந்தின்னிக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து மடிந்தன. அதனால் 2006-இல் மாடுகளுக்கான டைக்ளோபினாக் தயாரிப்பை இந்திய அரசு தடை செய்தது. கழுகின் உடல் வேறு, நம் உடல் வேறு என்பது உண்மை. இருந்தாலும் கைநிறைய வாங்கித் தின்னும் மருந்தன்று அது.

பெயர் சொல்லாமல் பொட்டலத்தில் மடித்துத் தரும் சின்ன மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கலாம். இரண்டு நாள் அதிசயமாகக் கேட்கும். பிறகு முகம் ஊதும், சர்க்கரை ஏறும், எலும்பு இளைக்கும். மாதக்கணக்கில் தின்றுவிட்டுத் திடீரென நிறுத்துவதும் ஆபத்து. ஆகவே அப்படித் தின்று வந்திருந்தால் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

அமிட்ரிப்டிலின், டுலோக்செட்டின், பிரிகாபலின் போன்ற மருந்துகளில் ஒன்றை மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். முதலிரண்டும் மனச்சோர்வுக்கும் தரப்படுபவை. "எனக்கென்ன பைத்தியமா?" என்று சீட்டைக் கிழிப்பவர்கள் உண்டு. வலிச் செய்தியின் விசையைக் குறைப்பதற்காகவே அவற்றை இங்கு தருகிறார்கள். அமிட்ரிப்டிலினை இதற்குச் சிறிய அளவில் இரவில் கொடுப்பார்கள், தூக்கமும் ஆழமாகும். வாய் உலரும், காலையில் மந்தமாக இருக்கலாம். தொடக்க நாட்களில் விடியற்காலை டிராக்டர் ஓட்ட வேண்டாம். இதய நோயோ கண் நீர் அழுத்தமோ இருந்தால் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவிக்க வேண்டும்.

நடையும் வேலைப் பங்கீடும்

2017-இல் ஐரோப்பிய மூட்டு நோய் வல்லுநர்கள் எல்லாச் சிகிச்சைகளையும் எடை போட்டுப் பார்த்தபோது, மிக உறுதியாகப் பரிந்துரைத்தது உடற்பயிற்சி ஒன்றைத்தான். "நாள் முழுக்க வயலில் உழைக்கிறோமே, இன்னும் என்ன பயிற்சி?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குனிந்தபடியே நான்கு மணி நேரம் நடுவது தசையை ஒரே நிலையில் இழுத்துப் பிடிக்கும் வேலை. கை வீசி நடப்பதில் உடம்பெல்லாம் சீராக அசைகிறது, மூச்சும் சீராகிறது. தொடக்கத்தில் வரப்பிலோ ஏரிக்கரையிலோ 5 முதல் 10 நிமிடம் போதும். வாரத்திற்கு இரண்டு மூன்று நிமிடம் கூட்டி, அரை மணி வரை கொண்டு செல்லலாம். முதல் வாரங்களில் வலி சற்றுக் கூடினால் அஞ்ச வேண்டாம். நேரத்தைக் குறைத்துக் கொள்ளுங்கள், நடப்பதை நிறுத்தாதீர்கள்.

வலி குறைந்த நாளில் பாக்கி வேலையையெல்லாம் ஒரேயடியாக முடித்துவிட்டு அடுத்த மூன்று நாள் படுத்துக் கிடப்பது இந்நோயாளிகளின் பொதுவான வழக்கம். அறுவடைக் காலத்தில் இது தவிர்க்க முடியாதது போலத் தோன்றும். ஆயினும் அரை மணிக்கு ஒரு முறை நிமிர்ந்து நின்று, களையெடுப்பதையும் கட்டு கட்டுவதையும் மாற்றி மாற்றிச் செய்தால் மாலையில் வித்தியாசம் தெரியும். மோட்டார் போட இரவில் எழும் முறையை வீட்டில் ஒருவர் மேலேயே சுமத்தாமல் பங்கிட்டுக் கொள்ளுங்கள். வலியுள்ள தசைக்கு வெந்நீர் ஒத்தடம் இதமளிக்கும். மாலைக்குப் பின் தேநீர், காப்பியைத் தவிர்த்தல் நல்லது.

நோய் அறவே நீங்கிவிடும் என்று வாக்குக் கொடுப்பவர்களை நம்ப வேண்டாம். உயிருக்கு ஆபத்தில்லை, மூட்டு கோணாது, பெரும்பாலோர் பழையபடி வேலை செய்யும் அளவுக்குத் தேறலாம். அதற்குச் சில மாதங்கள் பிடிக்கும்.

எங்கே செல்வது?

முதலில் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டுங்கள். மேல் சோதனை தேவைப்பட்டால் புதுவை நகரிலுள்ள அரசு பொது மருத்துவமனைக்கோ கோரிமேட்டிலுள்ள ஜிப்மர் மருத்துவமனைக்கோ எழுதித் தருவார்கள். 1823-இல் பிரெஞ்சு அரசு புதுச்சேரியில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வழியில் வந்து, 1964-இல் ஜிப்மர் என்ற பெயர் பெற்ற இந்நிறுவனத்தில் மூட்டு வாத நோய்களைப் பார்க்கத் தனித் துறை உள்ளது. கடலூர், விழுப்புரம் மாவட்ட விவசாயிகளும் இங்கு வந்து செல்கிறார்கள். கூட்டம் மிகுதி, மருத்துவர் உங்களோடு பேசக் கிடைப்பது சில நிமிடங்களே.

அந்தச் சில நிமிடத்தை வீணாக்காமலிருக்க, புறப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பே ஒரு நோட்டுப் புத்தகத்தைத் தொடங்குங்கள். முதல் பக்கத்தில் மனித உருவம் ஒன்றை முன்புறமும் பின்புறமும் வரைந்து, வலிக்கும் இடங்களில் கோடு போடுங்கள். பிள்ளைகளை வரையச் சொன்னால் ஆயிற்று. அடுத்த பக்கங்களில் நாள்தோறும் எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், எத்தனை முறை விழித்தீர்கள், காலையில் களைப்பு எப்படி, அன்று என்ன வேலை, வயிறு, சிறுநீர், தலைவலி, மறதி ஆகியவற்றில் எது இருந்தது என்று ஒரு வரி எழுதினால் போதும். கடைசிப் பக்கத்தில் இதுவரை தின்ற மாத்திரைகளின் பெயர்கள். பெயர் தெரியாவிட்டால் காலி அட்டையையே ஒட்டிவிடுங்கள். பழைய எக்ஸ்ரே, இரத்தச் சோதனைச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் எடுத்துச் செல்லுங்கள். கூட ஒருவரை, முடிந்தால் "சோம்பல்" என்று சொன்னவரையே, அழைத்துச் செல்லுங்கள். மருத்துவர் சொல்வதை அவரும் நேரில் கேட்கட்டும்.